அப்படி ஒரு கடை இல்லை

பத்திரிகையில் முதன்முதலாக அச்சான என் விளம்பரம், அச்சாகவே கூடாத விளம்பரம். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கம் வர வேண்டும். வரவில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

நான் ஊடகப் படிப்பு, கடைசி வருடம். கடைசி வருடத்தில் எல்லோரையும் எங்காவது பயிற்சிக்கு அனுப்புவார்கள். கூடப் படித்தவர்கள் டிவி, ரேடியோ என்று பறந்தார்கள். எனக்கு வாய்த்தது எங்கள் ஊர் வாரப் பத்திரிகை. அதிலும் செய்திப் பக்கம் கூட இல்லை, விளம்பரப் பிரிவு. ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. முன்னறையில் விளம்பர மேனேஜர் மேடம். பின்னறையில் பக்கம் கட்டும் அண்ணன். செய்தியையும் விளம்பரத்தையும் கம்ப்யூட்டரில் அடுக்கிப் பக்கமாக்கி அச்சுக்கு அனுப்புகிறவர் அவர்தான். இரண்டு அறைக்கும் நடுவில், கதவு திறந்தால் முழங்காலில் இடிக்கிற இடத்தில், எனக்கு ஒரு ஸ்டூலும் பழைய கம்ப்யூட்டரும்.

முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். அப்புறம் வேலை பிடித்துப்போனது. டியூஷன் சென்டர்காரர், முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளின் போட்டோவை விடத் தன் போட்டோவைப் பெரிதாகப் போடச் சொல்வார். கண் டாக்டர் எழுதிக் கொடுத்ததையெல்லாம் ஒரே டப்பாவுக்குள் (விளம்பரக் கட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அடைத்ததில் எழுத்து எறும்பு அளவுக்கு வந்து நின்றது. "இதைப் படிக்க முடியுறவங்க இவர்கிட்ட எதுக்கு மேடம் வரப்போறாங்க?" என்று கேட்டேன். மேடம் சிரித்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். அந்த வாரம் நான்கே வரியில், பெரிய எழுத்தில், அந்த விளம்பரம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. கண்ணால் பார்க்காத எதையும் பேப்பரில் போடமாட்டார். சோபா கடைக்காரர் விளம்பரம் கொடுத்தால், போய் அந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டு வருவார். பெண்கள் விடுதி என்றால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். "நாளைக்கு நம்ம பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் அந்தக் கடை வாசல்ல போய் நிப்பாருல்ல, அவருக்குப் பதில் சொல்றது யாரு?" என்பார். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். வேடிக்கையாகப் பேசுவார்கள், ஆனால் எங்கள் பேப்பரில் வந்தால் நம்புவார்கள்.

பயிற்சிக்காக மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். இல்லாத ஒரு கடைக்கு விளம்பரம் செய்ய வேண்டும். "இதைப் போடு, அதைப் போடுன்னு சொல்றதுக்கு ஆள் இல்லாதப்பதான் உன் கை எப்படின்னு தெரியும்" என்றார்.

இல்லாத கடை என்றதும் எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது.

அக்கா பெரிய கடைத்தெருவில் பை விற்கிற ஒரு கடையில் வேலை பார்த்தாள். விற்பதோடு சரி, ரிப்பேர் கிடையாது. ஜிப் போன பையோடு யாராவது வந்தால் முதலாளி, "இது அவ்வளவுதான், புதுசு எடுத்துக்குங்க" என்பார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே நிற்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்களிடம் எகிறுவாள். "ஒரு ரன்னர் மாத்தினா போதும்டீ! ஒரே ஒரு ரன்னர்! அதுக்குப் போய் முழுப் பையையும் தலையில கட்டுறாரு!" ஜிப்பைத் திறந்து மூட நாம் பிடித்து இழுக்கிறோமே, அதுதான் ரன்னர். அக்காவிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய விதவிதமான ரன்னர் உண்டு. அக்கம்பக்கத்தில் யாருக்கு ஜிப் போனாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

"தனியா ஆரம்பியேன்" என்று நான் சொன்னால், "யாரு வருவா? உளறாத" என்பாள். நான் படிக்கிற படிப்பைப் பற்றியும் அவளுக்கு ஒரு கருத்து உண்டு. "படம் போட்டுப் பொய் சொல்றதுக்கு மூணு வருஷப் படிப்பா?" வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

ஆக, அந்த விளம்பரம். கறுப்பு டப்பா. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு ஜிப், பாதி திறந்திருக்கிறது. திறந்த இடத்தில் வெள்ளை. அந்த வெள்ளையில்:

"ஜிப் போச்சுன்னு பையைத் தூக்கிப் போடாதீங்க. எடுத்துக்கிட்டு வாங்க. ஜிப் அக்கா. பை, பெட்டி, ஜாக்கெட். எந்த ஜிப்பும் சரியாகும். உட்கார்ந்திருந்து கையோட வாங்கிட்டுப் போகலாம்."

முகவரி இல்லாத விளம்பரத்தை மேடம் தொடக்கூட மாட்டார் என்பதால் எங்கள் வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் அடியில் போட்டேன். வெறும் சாம்பிள் என்று தெரிய 'ஜிப் அக்கா - மாதிரி' என்று கோப்புக்குப் பெயர் வைத்தேன். மேடம் பார்த்தார். திரும்ப ஒரு முறை பார்த்தார். எனக்கு அதுவே போதும்.

சனிக்கிழமை காலை பேப்பர் வரும் நாள். எங்கள் வீட்டுப் போன் அடித்தது. அம்மா எடுத்து, "ராங் நம்பர்" என்று வைத்தாள். மறுபடி அடித்தது. மறுபடி ராங் நம்பர். அடுத்த முறை, "எத்தனை தடவைங்க சொல்றது? இது வீடு! இங்க ஜிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்று கத்தினாள். 'ஜிப்' என்ற சொல் என் காதில் விழுந்ததும் பேப்பரைத் தேடி வாசலுக்கு ஓடினேன்.

அதற்குள் வாசலில் ஒருவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவராம். ஒரு கையில் மகளின் புத்தகப் பை, இன்னொரு கையில் எங்கள் பேப்பர். "ஜிப் அக்கா வீடு இதுதானுங்களா?"

பேப்பரைக் கிட்டத்தட்டப் பிடுங்கினேன். ஐந்தாம் பக்கம், வலது மூலை. என் டப்பா. தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அடுத்த நொடியே, சத்தியமாகச் சொல்கிறேன், என் மனசு இப்படித்தான் சொன்னது: இந்தப் பக்கத்திலேயே இதுதான்டி அழகு.

அக்கா வாயில் டூத்பிரஷ்ஷோடு வெளியே வந்தாள். பேப்பரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆள் இருக்கிறாரே என்று அடக்கிக்கொண்டாள், இல்லாவிட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன். வேன்காரர் பையை நீட்டினார். நீட்டினால் அக்காவால் வாங்காமல் இருக்க முடியாது, அது அவள் கையின் வியாதி. இழுத்துப் பார்த்தாள். "ரன்னர் வாய் பிளந்துடுச்சு, அவ்வளவுதான்" என்று முணுமுணுத்தாள். குறட்டால் இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தினாள். சர்ரென்று மூடிக் காட்டினாள். வேன்காரர் தானும் ஒரு முறை திறந்து மூடிப் பார்த்தார். "புள்ள ஒரு வாரமா பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே போச்சுங்க" என்றார்.

அவர் படியிறங்கும்போது எதிரே இரண்டு பேர் ஏறி வந்தார்கள்.

நான் பக்கம் கட்டும் அண்ணனுக்குப் போன் போட்டுக் குதித்தேன். "அண்ணே, அது மாதிரிண்ணே! பயிற்சிக்குப் பண்ணினது! பேர்லயே 'மாதிரி'ன்னு இருக்கே!"

"பேரை யாரும்மா பார்த்தா? கடைசி நேரத்துல பர்னிச்சர்காரர் வேணாம்னுட்டாரு. மேடமும் கிளம்பிட்டாங்க. பக்கத்துல ஓட்டை. தேடினேன், உன்னோடது இருந்துச்சு. அளவெடுத்துத் தைச்ச மாதிரி உட்கார்ந்துச்சு."

"அசலா இல்லையான்னு கேட்க மாட்டீங்களா?"

"அசல்னுதானே நினைச்சேன்!" என்றார் அவர். "எனக்கு வர்ற அசலு எதுவுமே அவ்வளவு நல்லா இருக்காதும்மா."

திட்டுவதற்காகத்தான் போன் போட்டேன். அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

திங்கட்கிழமை மத்தியானமே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. முதலாளி கல்லாவில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். "என் கடையில நின்னுக்கிட்டே என் வியாபாரத்துக்கு வேட்டு வைக்கிறியா?" என்றாராம். இல்லை, தங்கச்சி பயிற்சிக்குச் செய்தது என்று இவள் சொல்லியிருக்கிறாள். "அப்படியா? அப்ப அப்படி ஒரு கடை இல்லைன்னு அதே பேப்பர்ல வரட்டும். வந்தா வேலைக்கு வா. வரலைன்னா வராத" என்றாராம்.

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா வேலைக்குப் போக முடியாமல் முதுகுவலியோடு படுத்து வருடமாகிறது. அக்காவின் வேலையில்தான் வீடு நடக்கிறது. எனக்கு அது தெரியாதா?

"அக்கா, நான் வேணும்னு பண்ணலக்கா."

"தெரியும்" என்றாள். குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை. "இல்லைன்னு போட்டுடு. அப்படி ஒரு கடை இல்லைன்னு நீயே எழுதிப் போட்டுடு."

சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தவை மூலையில் குவிந்திருந்தன. ஒரு சூட்கேஸ், மழைக்கோட்டு, ஒரு நர்ஸின் கைப்பை, யாரோ ஒருவருடைய கிடார் உறை. பிஸ்கட் டின்னைத் திறந்து ரன்னரைத் தேட ஆரம்பித்தாள். வாங்கி வைத்ததைச் சரிசெய்து கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

மறுநாள் அக்காவின் முதலாளி நேராக எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வாராவாரம் கால் பக்கம் விளம்பரம் தருகிறவர் அவர். "இல்லாத கடைக்கெல்லாம் விளம்பரம் போடுவீங்களா? மறுப்பு வரலைன்னா என் விளம்பரத்தை மறந்துடுங்க" என்றார். நான் ஸ்டூலில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். இவள்தான் அந்தத் தங்கச்சி என்று அவருக்குத் தெரியாது.

அவர் போனதும் மேடம் என்னைக் கூப்பிட்டார். "தப்பு நம்மளோடது. கடை இல்லைன்னா இல்லைன்னு போடணும். நீயே எழுதிடு."

எழுதினேன். 'சென்ற இதழில் வெளியான ஜிப் அக்கா விளம்பரம் பயிற்சிக்காகச் செய்யப்பட்டது. அப்படி ஒரு கடை இல்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.' இவ்வளவுதான். தாளில் இருந்த வார்த்தைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. முதலாளி மேல், பக்கம் கட்டும் அண்ணன் மேல், என் மேல். கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த டப்பாவுக்கு ஒரு கோடு கூட அழகாகப் போட என் கை வரவில்லை.

மேடம் தாளை வாங்கிப் படித்தார். "நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்."

"எதுக்கு மேடம்?"

"இல்லைன்னு போடப்போறோம்ல? இல்லைங்கிறதையும் நான் பார்க்கணும்."

புதன்கிழமை நான் மேடத்தோடு எங்கள் படியேறும்போதே மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. ஹாலில் ஜன்னலோரம் அக்கா, மடியில் ஒரு ஜாக்கெட். எதிரே நாற்காலிகளில், சுவரோரத்தில், வாசலில் ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஏதோ ஒரு பை. ராங் நம்பர் சொன்ன எங்கள் அம்மா, நடுவில் நின்று கூட்டத்தை மேய்த்துக்கொண்டிருந்தாள். "செருப்பை ஓரமா விடுங்க. நீங்க இவருக்கு அப்புறம். பெட்டியை வழியில வைக்காதீங்க, யாராவது தடுக்கி விழுந்தா யார் பார்க்கிறது?"

மேடம் உள்ளே ஒரு கால் வைத்தார். அம்மா கையை நீட்டி மறித்தாள். "பின்னாடி வாங்கம்மா. எல்லாரும் வேலையை விட்டுட்டுத்தான் வந்திருக்காங்க."

"அம்மா! இவங்க எங்க மேடம்மா!" என்று நான் அலறினேன். மேடம் என்னைக் கையமர்த்திவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மேடத்தின் முறை வந்தது. அக்கா நிமிராமல் கையை நீட்டினாள். "எங்க பை?"

"என் பைக்கு ஜிப்பே கிடையாதும்மா, பொத்தான்தான்" என்று மேடம் தாளை நீட்டினார். "இதை உங்க தங்கச்சி எழுதியிருக்கா. சரியா இருக்கான்னு நீங்க பார்த்துச் சொல்லிட்டா அச்சுக்கு அனுப்பிடலாம்."

அக்கா வாங்கினாள். அவள் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பாள். "...பயிற்சிக்காகச் செய்யப்பட்டது. அப்படி ஒரு கடை இல்லை."

பின்னால் கைப்பையைத் திரும்ப வாங்க வந்து நின்ற நர்ஸ், "கடை இல்லையா? அப்ப இவ்வளவு நேரமா நான் எங்கங்க நிக்கிறேன்?" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் முதுகு, முதலாளியின் கல்லா, மாதாமாதம் உறுதியாக வருகிற சம்பளம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வாய்க்காரி என்று பேர் வாங்கிய நான், அன்றைக்குத்தான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அக்கா மடியில் இருந்த ஜாக்கெட்டைப் பார்த்தாள். பாதி வரைக்கும் ஏறிய ரன்னர் நடுவில் நின்றது. அதை மேலே கழுத்து வரைக்கும் இழுத்தாள். மறுபடி கீழே இறக்கினாள். ஜாக்கெட்டை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்தாள்.

"கடை இருக்கு மேடம்" என்றாள். "இல்லைன்னு போடாதீங்க."

மேடம் தாளை மடித்துப் பொத்தான் பைக்குள் வைத்துக்கொண்டார். "அதைத்தான் பார்க்க வந்தேன்" என்றார். அம்மா ஓடிப்போய் மேடத்துக்கு நாற்காலி போட்டாள். மறித்த கையாலேயே டீயும் கொடுத்தாள்.

வியாழக்கிழமை பக்கம் கட்டும் நாள். மேடம் அக்காவின் முதலாளியிடம் போனில் பேசினார். "இல்லைன்னு என்னால போட முடியாது சார். நான் போய்ப் பார்த்துட்டேன், இருக்கு." அந்தப் பக்கம் ஏதோ சத்தம். மேடம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "சரிங்க சார், உங்க இஷ்டம்" என்று வைத்தார். பின்னறையிலிருந்து அண்ணன் தலையை நீட்டினார். "போச்சா? கால் பக்கம் ஓட்டை. இப்ப எதைப் போட்டு அடைக்கிறது?"

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம். அக்கா. எங்கள் அலுவலகத்தை அவள் எட்டிப் பார்த்ததே கிடையாது. தலைவாரி, நல்ல உடை உடுத்தி, கையில் பேப்பரோடு வந்து நின்றாள்.

"விளம்பரம் ஒண்ணு போடணும் மேடம். சொந்தக் கடைக்கு."

மேடம் என்னைக் காட்டினார். "அதுக்கு அவங்களைப் பாருங்க."

அக்கா என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்தாள். நான் கோப்பைத் திறந்தேன். திரையில் கறுப்பு டப்பா, பாதி திறந்த ஜிப். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த வரியை எடு. 'எந்த ஜிப்பும் சரியாகும்.' பொய் அது."

"அக்கா, விளம்பரம்னா அப்படித்தான்..."

"ஜிப்போட பல்லு உடைஞ்சா ஆகாதுடீ. ஒரு அம்மா சூட்கேஸைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தாங்க, ஆகாதுன்னு திருப்பி அனுப்பினேன். அவங்க மூஞ்சியை நீயா பார்த்தே? 'ஆகாதுன்னா போன்லயே சொல்லிடுவேன்'னு போடு."

"ஆகாதுன்னு யாராவது விளம்பரத்துல போடுவாங்களா?"

"நான் போடுவேன்."

கோபமாகத்தான் தட்டினேன். தட்டி முடித்துப் பார்த்தால், அந்த வரி அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மேடம் பின்னாலிருந்து பார்த்து, "அது இருக்கட்டும்" என்றார்.

"மத்தது எல்லாம் அப்படியே இருக்கணும்" என்றாள் அக்கா. "படத்துல கை வைக்காத."

டப்பாவைக் கால் பக்கத்துக்குப் பெரிதாக்கினேன். கோப்பின் பெயரிலிருந்து 'மாதிரி' என்பதை அழித்தேன். அண்ணன் அதை வாங்கிப் பக்கத்தில் பொருத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி அக்காவிடம் கேட்டார். "நல்லா இருக்கும்மா. எங்க குடுத்துப் பண்ணினீங்க?"

நான் நிமிரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் காது மட்டும் அக்காவின் பக்கம் இருந்தது.

"எங்கயும் குடுக்கல" என்றாள் அக்கா. "என் தங்கச்சி பண்ணினது. இதுக்குன்னே படிக்கிறா. மூணு வருஷப் படிப்புங்க, சும்மாவா?"